தாணே சம்பந்திக்குச் சொல்லாதது

ஐப்பசி 11, ஞாயிறு

அபயாம்பிகை துணை.

பால், பூ, வாழைக்காய், இஸ்திரிக்காரன் பாக்கி எல்லாம் எதிர்ப்பக்கத்தில் எழுதியாயிற்று.

சாம்பவி விஷயத்தில் இவர் இன்று இறங்கி வந்தார். பங்குனியில் அவள் ஒரு பையனைச் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் அப்படித்தான். மத்தியானம் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மாயவரத்துல நம்ம இஷ்டப்படி ஒரு கல்யாணம். தாணேல அவா இஷ்டப்படி ஒண்ணு. ஒருத்தர் பண்றதுல இன்னொருத்தர் தலையிடப்படாது, கேள்வியும் கேக்கப்படாது. சரியான்னு கேளு."

என்னிடம் சொன்னால் பம்பாயில் இருக்கும் பெண்ணிடம் சொன்னதாக அர்த்தம். நான் இந்த வீட்டுத் தபால் பெட்டி. போன் பண்ணிச் சொன்னேன். சாம்பவி அழுதாள், பிறகு சிரித்தாள், "டீல்மா" என்றாள்.

பையன் பெயர் ஆரோன் பென்கர். அவள் ஆபீஸிலேயே வேலை. யூதர்கள். யூதர் என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்திருந்தேன். போட்டோவில் நம் மாநிறம்தான். கொங்கணக் கரையில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்களாம், வீட்டில் பேசுவது மராட்டி. அப்பா காலமாகிவிட்டார். அம்மா பெயர் சிப்போரா, பம்பாயை ஒட்டின தாணேயில் வீடு. ஒரே பிள்ளை.

சாயங்காலம் இவர் தன் தங்கைக்குப் போன் போட்டார். "மராட்டிக்காரா. பென்கர்னு பேரு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். பொய் என்று சொல்ல முடியாது.


ஐப்பசி 20, செவ்வாய், தீபாவளி

கங்கா ஸ்நானம் ஆயிற்று. அடுத்த வருஷம் தலைதீபாவளி என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.


கார்த்திகை 3, திங்கள்

சம்பந்தி அம்மாள் முதல் தடவையாகப் போன் பண்ணினாள்.

எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். சாம்பவி பள்ளிக்கூடம் போன நாளில், அவள் ஹிந்திப் பரீட்சைப் புத்தகங்களை நானும் உட்கார்ந்து படித்தேன். அவள் மூன்று பரீட்சையோடு விட்டாள். நான் விடவில்லை, எந்தப் பரீட்சையும் எழுதவுமில்லை. இருபது வருஷம் கழித்து அது இன்றைக்கு உதவிற்று. "உங்கள் ஹிந்தி ரேடியோ மாதிரி இருக்கிறது" என்று சிப்போரா சிரித்தாள். அவள் ஹிந்தி காய்கறிக் கடை மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

அவளுக்கும் கஷ்டம் இருக்கிறது. வேற்று மதத்துப் பெண் என்பதால் அவர்கள் ஜெபாலயத்தில் கல்யாணம் செய்துவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். புருஷன் பெயர் எழுதிய விளக்கு அந்த ஜெபாலயத்திலேயே தொங்குகிறதாம். "சரி, எங்கள் கட்டட மொட்டை மாடி இருக்கிறதே" என்றாள். மந்திரம் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் வந்து நடத்துகிறாராம். நான்கு கம்பு நட்டு, மேலே துணி கட்டி, அந்தப் பந்தலுக்குக் கீழே கல்யாணம். கடையில் வாங்கிய துணி வேண்டாம், நம் இரண்டு பேர் அம்மாக்களின் புடவையிலும் ஒவ்வொரு முழம் எடுத்து நானே தைக்கிறேன் என்றாள். அவள் அம்மா புடவை ஒன்று இருக்கிறது. "உங்கள் அம்மாவுடையது ஒன்று அனுப்புங்கள்."

அனுப்புகிறேன் என்றேன்.

இன்னொன்றும் கேட்டாள், உங்கள் வீட்டில் மாமிசம் கிடையாதாமே என்று. கிடையாது என்றேன். "அப்பாடா, உங்கள் சமையலறையில் நான் எதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம்" என்றாள். அவர்களுக்குப் பாலும் மாமிசமும் ஒன்றாகச் சேரக்கூடாதாம். அவள் முன்னோர் செக்காட்டியவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் எண்ணெய் ஸ்நானம் என்றேன். வெகு நேரம் சிரித்தாள்.

வாசற்படியில் நின்றபடி இவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நான் போனை வைக்கும் வரை நின்றார்.

பிறகு பீரோவைத் திறந்தேன். என்னை வளர்த்த பெரியம்மாவின் அரக்குக் கூறைப்புடவை வசம்பு வாசனையோடு இருக்கிறது. வேறு எதைத் தேடினேன் என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.


கார்த்திகை 9, ஞாயிறு

கல்யாணம் பண்ணிவைக்கிற வாத்தியார் வந்தார். டிகாஷன் இரண்டாவது தடவை இறக்க வேண்டியிருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பையனுக்குக் கோத்திரம் இல்லாமல் சங்கல்பம் சொல்ல முடியாது. கோத்திரம் உள்ள ஒரு தம்பதி அவனை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டால் அவர்கள் கோத்திரம் அவனுக்கு வந்துவிடும். எங்கள் கோத்திரமாக இருக்கக்கூடாது, பெண்ணும் பிள்ளையும் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். பெண்ணின் தாய்மாமா எடுத்துக்கொண்டால் உத்தமம்.

இவர் உடனே பஞ்சநதம் என்றார். பஞ்சநதம் என் தம்பி, கும்பகோணத்தில் இருக்கிறான். அவனுக்கும் கோகிலாவுக்கும் குழந்தை இல்லை. சித்தி அவர்களோடுதான் இருக்கிறாள்.

"பெத்தவா கொடுக்கணும்" என்றார் வாத்தியார். "அப்பா இல்லேன்னா அம்மா கொடுக்கலாம். கொடுத்தேன்னு ஒரு வார்த்தை. எந்த பாஷைல சொன்னாலும் பகவானுக்குப் புரியும். அப்பறம் பஞ்சநதம் பிள்ளைக்கும் உங்க பொண்ணுக்கும் கல்யாணம், அவ்வளவுதானே? மணையில அவாளே உக்காந்துடுவா. அந்தம்மா சுமங்கலி இல்லைங்கற பிரச்சனையும் தீந்துடும்."

அந்தம்மா எங்கே இருப்பாள் என்று கேட்டேன்.

"முன் வரிசைல ஒரு நாற்காலி போட்டாப் போச்சு" என்றார் இவர்.

கல்யாணத்தன்று விடிவதற்குள், உறவுக்காரர்கள் வருமுன் முடித்துவிட வேண்டும். சாம்பவிக்கும் பையனுக்கும் ஏதோ ஹோமம் என்று சொன்னால் போதும், கேள்வி கேட்கக்கூடாது என்பதுதானே பேச்சு. சம்பந்தி அம்மாளுக்கு மட்டும் விவரம் சொல்லியாக வேண்டும். வாத்தியார் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார். இவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லிடு, அபயம். ஹிந்தி உனக்குத்தானே தெரியும்."


கார்த்திகை 11, செவ்வாய்

கோகிலா போனில் பேச முடியாமல் அழுதாள். "முப்பத்தோரு வயசுப் பிள்ளை நேக்கு, அக்கா. அரை நாளைக்குன்னாலும் பரவாயில்லை." மயில்கழுத்துக் கலரில் புடவை எடுக்கப் போகிறாளாம். அவளிடம் நான் என்ன சொல்ல.

சித்தி போனுக்கு வரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம்.

இதை எழுதி வைக்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்குக் குழப்பம் வேண்டாம். என்னைப் பெற்றவள் சித்திதான். அவள் அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, குழந்தையில்லை. எனக்கு நாலு வயதில் பெரியம்மா என்னை மாயவரத்துக்கு அழைத்து வந்தாள். பெண் குழந்தை என்பதால் ஹோமம் ஒன்றும் கிடையாது, ரயிலில் அழைத்து வந்ததோடு சரி. பெரியம்மாவைப் பெரியம்மா என்றே கூப்பிட்டேன். பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். அம்மா என்று ஊர் அம்பாள் அபயாம்பிகையைத் தவிர யாரையும் கூப்பிட்டதில்லை. எனக்குப் பாலுக்கும் பழத்துக்கும் குறைவில்லை, நகைக்கும் குறைவில்லை. ஒரு குறையும் இல்லை.

என் கல்யாணத்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும் மணையில் உட்கார்ந்து என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் சித்தி எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

பருப்பு விலை ஏறிவிட்டது.


கார்த்திகை 17, திங்கள்

இவர் தினமும் காலையில் கேட்கிறார், சொல்லியாச்சா என்று. இன்று போனை அவரே போட்டு என் கையில் கொடுத்தார்.

படத்தோடு பேசினாள் சிப்போரா. அவர்களுக்கு நேற்றிலிருந்து விளக்குப் பண்டிகையாம். எட்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு விளக்குக் கூட. நம் கார்த்திகை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது, மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை என்று சொன்னேன். ஜன்னலில் அவள் வைத்திருந்த விளக்கைக் காட்டினாள். முகம் அந்த வெளிச்சத்தில் என் வயதாகத் தெரிந்தது. என் வயதுதான்.

"மாயவரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்? எங்கே உட்கார வேண்டும்? தப்புச் செய்துவிடப் போகிறேன்" என்றாள்.

இவர் பக்கத்தில் நின்றார்.

விடியற்காலை ஒரு சின்னப் பூஜை, பெரியவர்கள் பையனுக்கு ஆசீர்வாதம் செய்வார்கள், நீங்களும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். ஆசீர்வாதத்துக்கு என்னை யாராவது சொல்லித் தர வேண்டுமா என்று சிரித்தாள்.

"என்ன சொன்னா?" என்றார் இவர்.

"சரின்னா."

"பாத்தியா, நீதான் மலைன்னு நெனச்சுண்டிருந்தே." இன்று அவரே போய்ப் பூ வாங்கி வந்தார்.


மார்கழி 5, வியாழன்

கோலம் பெரிதாகப் போட்டேன். கோயிலுக்குப் போனேன். திருவெம்பாவை ஐந்தாவது பாட்டில், பொய் பேசுகிறவளே என்று தோழியை எழுப்புகிற இடத்தில் நின்றுவிட்டது. வருஷம் பூராவும் வாயிலேயே இருக்கிற பாட்டு.

பெரியம்மாவின் கூறைப்புடவையில் முந்தானைப் பக்கம் ஒரு முழம் வெட்டித் தாணேக்குக் கூரியர் செய்தேன். ரசீது பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. பட்டில் கத்தரி வைக்கும்போது சத்தம் வரும் என்று தெரியாது.


மார்கழி 22, ஞாயிறு

கல்யாண வேலை: சத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. முதலில் சனிக்கிழமை பார்த்த முகூர்த்தம் அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் தை 13 ஞாயிறாயிற்று. சமையலுக்குத் திருவாலங்காட்டுக்காரர். நாயனம் பேசியாயிற்று. தாணேயில் தை 27.

சாம்பவி பேசினாள். இவர் குளிக்கப் போயிருந்தார். "அம்மா, நேக்குத் தெரியாம அங்க ஏதாவது நடக்கறதா? உன் குரல் ஒரு மாதிரி இருக்கு."

"பேச்சு பேச்சுதானே" என்றேன். "நான் அங்க தாணே விஷயம் கேக்கறேனா?"

"நீ என்ன வேணா கேக்கலாம்மா. அப்பாதான் கேக்கப்படாது."

குளியலறைத் தண்ணீர் நின்றது. கொத்தமல்லி வாங்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்னால் அவள் இவருடன் சண்டை போடுவாள். சண்டை போட்டால் மாயவரத்துக் கல்யாணம் நிற்கும். நின்றால் இவர் அவள் முகத்தில் விழிக்கமாட்டார், சொன்னதைச் செய்கிறவர். சொல்லாவிட்டால் ஒருத்தி தெரியாமல் தன் பிள்ளையைத் தானம் செய்வாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அரை நாள் சடங்குதானே, யாருக்கு என்ன குறை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அம்பாள் சந்நிதியில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.


தை 2, புதன், கனு

மஞ்சள் இலையில் ஐந்து கலர்ச் சாதம் வைத்துக் கனு வைத்தேன். தம்பி சுகமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவனே மத்தியானம் கோகிலாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றான். கோகிலா மயில்கழுத்துப் புடவையைத் தோளில் போட்டுப் போட்டுக் காட்டினாள்.

சித்திக்கு எண்பத்திரண்டு. காது கேட்கும், கண்தான் மங்கல். நான் பாத்திரம் ஒழித்துப் போடும்போது பின்கட்டுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொம்மனாட்டிக்குத் தெரியுமோ?"

"சொல்லிட்டேன், சித்தி."

"என்னன்னு சொன்னே?"

குழாயைத் திறந்துவிட்டேன். சித்தி விடவில்லை, ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை.

"என்கிட்டயும் சொன்னா உன் பெரியம்மா. லீவுக்கு அழைச்சுண்டு போறோம், ஆடி பதினெட்டுக்கு வந்துடுவாள்னு. நான்தான் உனக்குத் தலை பின்னி விட்டேன், ரயில்ல கலையாம இருக்கட்டும்னு இறுக்கிப் பின்னினேன். வலிக்கறதுன்னு அழுதே."

எனக்கு இது தெரியாது. சித்தி மனசறிந்து கொடுத்தாள் என்றுதான் பெரியம்மா சொல்லியிருந்தாள். ஐம்பத்தாறு வருஷமாக அதை வைத்துக்கொண்டிருந்தேன், கொடுத்தவள் என்று.

உள்ளே இவர், காபி ஆச்சா என்று கேட்டார். கலந்து எடுத்துப் போனேன்.


தை 11, வெள்ளி

சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். பெரிய கூட்டமில்லை. சிப்போரா, ஆரோன், அவள் தங்கை குடும்பம். வெளிறிய பச்சைப் புடவை, கையில் ஒரு தூக்குப் பை. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். அப்படி யாரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இவர் அவர்களிடம் மரியாதையாகவே இருந்தார். தானே நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை.

சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் சிப்போரா சத்திரத்து அறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். நாம் விளக்கேற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நேரம்தான். பிறகு ஆரோனைக் கூப்பிட்டாள். அந்த நெட்டைப் பிள்ளை அவளுக்கு எட்டும்படி குனிந்தான். இரண்டு கையையும் அவன் தலையில் வைத்து முணுமுணுத்து, தன் விரலைத் தானே முத்தமிட்டுக்கொண்டாள். அடுத்தது சாம்பவி. என் பெண் பழக்கப்பட்டவள் மாதிரி போய்க் குனிந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் இப்படித்தானாம். அவன் வெளியூரில் படித்த நாலு வருஷமும், போனைத் தரையில் வைத்து அதன்மேல் கை வைப்பாளாம்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னது இந்த மாதிரி ஆசீர்வாதம்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.


தை 12, சனி

இன்று அவர்களுக்கு ஓய்வு. சிப்போரா வெறுமனே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை அவள் அறைக்குப் போனேன். ஒரு தடவை வெந்நீர், ஒரு தடவை இட்லி, ஒரு தடவை கையில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லாமல் போனபோது இவர் தாழ்வாரத்தில் நின்று, "அங்க என்ன வேலை, நாதஸ்வரக்காரா வந்தாச்சு" என்றார்.

விடிகாலை நாலரைக்கு ஹோமம். கோகிலா இப்போதே தலைக்குப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.


தை 13, ஞாயிறு

சாம்பவிக்குத் திருமாங்கல்ய தாரணம் ஆயிற்று. எழுதக் கை வரவில்லை.


தை 14, திங்கள்

சத்திரக் கணக்கை முடித்துவிட்டேன். நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

இருட்டோடு குளித்துவிட்டு ஹோமகுண்டத்தருகே எல்லாரும் வந்தோம். சாம்பவிக்கு அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பஞ்சநதமும் கோகிலாவும் மணையில். எதிரே ஆரோன் வேஷ்டியில், அவன் பக்கத்தில் சிப்போரா. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர்களுக்கு அது சுபமாம். சித்தி பின்னால் தூணோரம். இவர் என் தோளுக்குப் பக்கத்தில்.

வாத்தியார் மந்திரம் சொன்னார். பஞ்சநதத்தைக் கை நீட்டச் சொன்னார், பிள்ளையைக் கொடு என்று கேட்கிற வாக்கியத்தை அவன் வாயால் சொல்ல வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தம்மாவை கொடுத்தேன்னு சொல்லச் சொல்லுங்கோ, மாமி. சொல்லிண்டே பிள்ளை கையப் பிடிச்சு இவா கையில வெக்கணும்" என்றார்.

சிப்போரா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் குழந்தை மாதிரி, சொல்லித் தருவேன் என்று பார்த்தாள்.

இவர் மெதுவாக, "சொல்லு" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அம்பாளும் நினைவில் இல்லை, சாஸ்திரமும் இல்லை. தலை வலித்தது. இறுக்கிப் பின்னின மாதிரி வலித்தது.

சிப்போராவிடம் ஹிந்தியில் சொன்னேன். இது ஆசீர்வாதம் இல்லை. உங்கள் பிள்ளையை இவர்களுக்குக் கொடுத்துவிட்டதாக நீங்கள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு இந்தச் சடங்கில் அவனுக்கு அம்மா இவள். நீங்கள் நாற்காலியில் உட்காருவீர்கள். நான் பொய் சொல்லிவிட்டேன்.

ஆரோன்தான் முதலில் திரும்பினான், அவனுக்கும் ஹிந்தி தெரியுமே. சிப்போரா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும்?" என்றாள். கார்த்திகையிலிருந்து என்றேன். அவள் தன் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை வையவில்லை.

"என்ன, சொல்லிட்டாளா?" என்றார் இவர்.

"அவ சொல்ல மாட்டா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம், அவள் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். இன்னொன்றும் வாயில் வந்தது. "நான் சொல்லச் சொல்லவும் மாட்டேன்."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது.

அதற்குள் பின்னாலிருந்து சித்தியின் குரல். "பஞ்சு, மணைய விட்டு எழுந்திருடா."

"அம்மா, அது வந்து..."

"எழுந்திரு. நம்மாத்துல ஒரு தடவை நடந்தது போறும். கோகிலா, நீயும் வாடிம்மா. வயத்தெரிச்சல் வாங்கிண்டு வர்ற பிள்ளை நமக்கு வேண்டாம்."

கோகிலா எழுந்துவிட்டாள். அவள் புதுப்புடவையில் ஹோமத்துச் சாம்பல். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடினார். முகூர்த்தத்துக்கு நேரம் ஓடுகிறது, அவருக்கு அடுத்த கல்யாணம் திருவிடைமருதூரில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோத்திரம் தெரியாதவாளுக்குக் காசியபம்னு சொல்றதும் வழக்கத்துல உண்டு" என்றார். இவர், அதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்றார். "நீங்க சாஸ்திரோக்தமா வேணும்னேளே" என்றார் வாத்தியார்.

அப்படியே நடந்தது. ஆரோன், காசியப கோத்திரம். தாலி கட்டும்போது சிப்போரா நாற்காலியில் உட்காரவில்லை. பிள்ளையின் பின்னால் வந்து நின்று, குனிந்திருந்த அவன் தலையில் கை வைத்தாள். இவருடைய தங்கை என் காதில், மராட்டிக்காராளில் இப்படியெல்லாம் நிற்பார்களா என்று கேட்டாள். அவர்கள் யூதர்கள் என்றேன். ஒரு நாளில் எத்தனை வாசல்தான் சாத்திக்கொள்வது, திறந்தது திறந்ததாக இருக்கட்டும்.

சிப்போரா புறப்படும் வரை என்னிடம் பேசவில்லை. வண்டியில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "தாணேக்கு வா" என்றாள். நீங்கள் வாருங்கள் என்று சொல்கிறவள், வா என்றாள். அது கோபமா வேறு என்னவோ, தெரியவில்லை. சாம்பவி என் கையைப் பிடித்து, "ஆரோன் சொன்னான், எல்லாம்" என்றாள். அவளும் பிறகு பேசவில்லை.

இவரும் என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை வைக்கும் இடத்தில் வைத்தேன், எடுத்துக்கொண்டார்.


தை 22, செவ்வாய்

பேசவில்லை. வேலைக்காரியிடம், "மாமிகிட்டச் சொல்லு" என்று நான் நிற்கும்போதே சொல்கிறார். தபால் பெட்டிக்குத் தபால் நின்றுவிட்டது.

தாணே டிக்கெட்டை மேஜையில் வைத்தேன். அவருடையதை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார். வேலைக்காரியைக் கூப்பிட்டு, "அவா பண்றதுல நான் தலையிடல. அதுதான் பேச்சு" என்றார். பேச்சை மீறாதவர்.

கும்பகோணத்துக்குப் போன் பண்ணினேன், துணைக்குச் சித்தி வருவாளா என்று. கோகிலாதான் எடுத்தாள். "அனுப்பி வைக்கறேன், அக்கா" என்றாள். சித்தியின் பழைய புடவை ஒன்றும் வேண்டும் என்றேன்.


தை 25, வெள்ளி

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. சித்திக்குக் கீழ்ப் படுக்கை. புளியோதரை, தயிர்சாதம் கொண்டுவந்தது போதும்.

குண்டக்கல் தாண்டியபின் கேட்டேன். "என் கல்யாணத்துல தாலி கட்டறச்சே நீ எங்க இருந்தே, சித்தி?"

வெளியே பார்த்தபடியே சொன்னாள். "கடைசிப் பந்தக்கால் இருக்கோன்னோ, அதைப் பிடிச்சுண்டு நின்னேன். எக்கி எக்கிப் பாத்தேன். உன் பெரியம்மா தலை மறைச்சுடுத்து."


தை 27, ஞாயிறு, தாணே

மொட்டை மாடியில் காற்று பலமாக இருந்தது. கீழே பேருந்துச் சத்தம், பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

காலையில் சித்தியின் நீலக் கட்டம் போட்ட நூல்புடவையைச் சிப்போராவிடம் கொடுத்தேன். இது யாருடையது, உன் அம்மா புடவைதான் முன்னமே வந்துவிட்டதே என்றாள். அது வளர்த்தவளுடையது, இது பெற்றவளுடையது என்று சொல்லி, தூணோரம் உட்கார்ந்திருந்த சித்தியைக் காட்டினேன். பிறகு மற்றதையும் சொன்னேன். நாலு வயது, ரயில், ஆடி பதினெட்டு, எல்லாம். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். வெட்டி, மடித்து, அரக்குப் பட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தாள். அவள் தையல் நெருக்கமாக இருந்தது.

பந்தல் கம்பை நடவில்லை. நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். மூன்று கம்புக்கு அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். நாலாவதைச் சிப்போரா தானே எடுத்துக்கொண்டுபோய்ச் சித்தி கையில் கொடுத்தாள். சித்திக்கு ஹிந்தி தெரியாது, இவளுக்குத் தமிழ் தெரியாது. கம்பைக் கையில் வாங்கிய சித்தி என்னைப் பார்த்தாள். பிடித்துக்கொள் என்று தலையாட்டினேன்.

கிண்ணத்தில் திராட்சை ரசம், மோதிரம், பாட்டு. துணியில் சுற்றிய கண்ணாடியைப் பையன் காலால் உடைத்தான், சித்தி "சிவ சிவா" என்றாள். சந்தோஷத்திலும் ஒரு இழப்பை மறக்கக்கூடாது என்று அப்படியாம். பிறகு அவலில் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பழத்தோடு தட்டில் வைத்து ஒரு பிரார்த்தனை. நைவேத்தியம்தான், சந்தேகமில்லை.

சாம்பவியை நானும் சித்தியும் எத்தனை கிட்டத்தில் பார்த்தோம் என்றால், அவள் நெற்றி வேர்வை தெரிந்தது. காற்றில் சித்தியின் கம்பு சாய்ந்தது. நான் அவள் கைக்கு மேலே பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் சிப்போரா என்னிடம் வந்தாள். "உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது" என்றாள். இருக்கட்டும் என்றேன். அவல் தட்டை என் கையில் கொடுத்து, எல்லாருக்கும் நீ கொடு என்றாள்.


தை 28, திங்கள்

திரும்புகால் டிக்கெட் உறுதியாகிவிட்டது. நாளை மறுநாள் மாயவரம். அங்கே டம்ளரை வைக்கிற இடத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று அபயாம்பிகைக்குத்தான் தெரியும்.

தாணே ஸ்டேஷன் செலவு:

போர்ட்டர் 100
தண்ணீர் பாட்டில் 20
அம்மாவுக்கு மோர் 15